கையோடு கொண்டு வர வேண்டிய ஆக்சில்

நொச்சிக்குப்பம், சென்னை
11 ஆகஸ்ட் 2024

அன்பு மக கயலுக்கு,

மரியே வாழ்க. நைனா எழுதுறேன். உங்கம்மா நல்லா இருக்கா. நானும் முட்டியைத் தவிர்த்து மத்த இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். ஆகஸ்டு மாசத்துலயும் ஸ்வெட்டர் போடுற ஊராமே அது, உடம்பைப் பாத்துக்கோ. போன்ல பேசலாமேன்னு கேப்ப. போன் வந்தா உங்கம்மா கைக்குத்தான் போவுது, என் முறை வர்றதுக்குள்ள உனக்கு வேலைக்கு நேரமாயிடுது. அதான் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சி அனுப்புறேன். பத்தாவது ரெண்டு தடவ படிச்ச கையெழுத்து, பொறுத்துக்கோ.

நேத்து உங்க நைனா மானம் லஸ் கார்னர்ல போச்சு. யார் மூலமாவது உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

மத்தியானம் ஒரு போன் வந்துச்சு. கார் ஒண்ணு நின்னு போச்சு, ரெக்கவரி வண்டி வேணும்னு ஒரு பொம்பளைக் குரல். போய்ப் பாத்தா, பச்சைக் கலர்ல குட்டியா ஒரு எம்.ஜி. அறுபதுகள்ல உங்க இங்கிலாந்துல செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, நின்னா என் இடுப்பு உயரம்கூட வரல. உள்ள எழுபது தாண்டின ஒரு அம்மா, காட்டன் புடவை, கறுப்புக் கண்ணாடி. பேரு வேதவல்லி. காலேஜ்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, சித்திரக்குளம் பக்கத்துல வீடு. எஞ்சின் உறுமுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரல. பின் ஆக்சில் ரெண்டு துண்டா போயிடுச்சு.

நம்ம வண்டி மேல இழுத்து ஏத்தும்போது உள்ள ஒருத்தர் ஸ்டீரிங் புடிக்கணும். "நானே பிடிச்சுக்கறேன்"னாங்க. நான்தான் பெரிய இவனாட்டம், "நீங்க நிழல்ல நில்லுங்கம்மா"ன்னு சொல்லிட்டு, காரை மேல இழுக்கற ரிமோட்டைக் கையில வச்சிக்கினு கிணத்துல எறங்குற மாதிரி எறங்கினேன். கார் ஜம்முனு மேல ஏறிடுச்சு. எனக்குத்தான் வெளிய வர முடியல. வயிறு ஸ்டீரிங்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. லஸ் கார்னர் நடுவுல, லாரி மேல, கூரை இல்லாத காருக்குள்ள, தேர்ல வச்ச சாமி மாதிரி உக்காந்திருக்கேன். பின்னாடி பஸ் ஹாரன். பூக்காரம்மா ஒண்ணு, "இன்னா நைனா, ஊர்வலமா? மாலை எடுத்தாரவா?"ன்னு கேக்குது.

டீச்சரம்மா கீழ இருந்து பாடம் நடத்துறாங்க. "மூச்சை உள்ள இழுக்காதேங்கோ, வெளியில விடுங்கோ. இடது காலை மடக்குங்கோ. அது வலது காலு!" கடைசியில நாலு கால்ல தவழ்ந்துதான் வெளிய வந்தேன்.

அவங்க வீட்டுல வண்டிய எறக்கினப்புறம் விஷயம் சொன்னாங்க. ஜனவரியில பழைய கார்கள் ஊர்வலம் ஒண்ணு நடக்குது, அதுல அவங்களே ஓட்டிக்கினு போவணுமாம். புதுப்பேட்டை லேத்துல கடைஞ்ச ஆக்சில் ஒவ்வொண்ணும் வருஷம் தாங்கலயாம், அசல் வேணுமாம். "எம் பொண்ணு இங்கிலாந்துல இந்த மாதிரி காருங்களுக்குத் தகடு தட்டுற பட்டறையிலதாம்மா வேலை பாக்குது"ன்னேன். கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்தாங்க. அதுவரைக்கும் அவங்க காரை மட்டும்தான் பாத்துக்கினு இருந்தாங்க.

அதனால, கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு ஆக்சிலைக் கையோட எடுத்துக்கினு வா. ரெண்டடி கம்பிதான்.

நேரத்துக்கு சாப்பிடு.

அன்புடன்
நைனா


ஆக்ஸ்போர்டு பக்கம்
25 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள நைனாவுக்கு,

கயல் எழுதுறது. நான் நல்லா இருக்கேன், சோறுதான் பொங்குறேன். உன் முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைப் பண்றியா, இல்ல பண்றேன்னு அம்மாகிட்ட சொல்ல மட்டும் செய்றியா?

உன் கடிதத்தை இங்க சாப்பாட்டு நேரத்துல படிச்சுட்டு சிரிச்சதுல டீ சட்டையெல்லாம் கொட்டிடுச்சு. எங்க ஓனர் என்னன்னு கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் ஒருதடவை அப்படி மாட்டியிருக்காராம், அதுவும் கல்யாண கோட்டோட. நீ தனியாள் இல்ல.

இந்த எம்.ஜி. எல்லாம் இங்க ஒரு காலத்துல பெரிய மனுஷங்க வண்டியே இல்லயாம் நைனா. பேங்க் கிளார்க், நர்ஸ், புதுசா வேலைக்குச் சேர்ந்த பசங்க, இவங்கதான் மூணாம் கையா நாலாம் கையா வாங்கி ஓட்டுவாங்களாம். சனிக்கிழமை ரிப்பேர், ஞாயித்துக்கிழமை சவாரி, திங்கக்கிழமை பஸ்ஸு. ஓனரே அப்படித்தான் ஆரம்பிச்சாராம். இப்ப எங்க பட்டறைக்கு வர்ற ஒரு வண்டியோட சொந்தக்காரர் வேற நாட்டுல இருக்கார். வண்டியில ஒருதடவைகூட உக்காந்ததில்ல. வாரம் ஒரு போட்டோ கேப்பார். நான் தட்டின தகட்டை அவர் பெரிசு பண்ணிப் பாத்து, "இந்த வளைவு அழகா வந்திருக்கு"ன்னு எழுதுறார். தொடாமலே இப்படி ஒருத்தர் ஆசை வைக்க முடியுமான்னு இருக்கு.

ஆக்சில் கிடைக்கும். ஆனா ஒண்ணு தெரியணும். டீச்சரம்மா வண்டியில கம்பிச் சக்கரமா, தகட்டுச் சக்கரமா? சைக்கிள் மாதிரி கம்பி கம்பியா இருந்தா ஒரு அளவு, மூடின தகடா இருந்தா வேற அளவு. மாத்தி அனுப்பினா உள்ள போகாது. சொன்னா கூரியர்ல போட்டுடறேன்.

அம்மாவுக்கு முத்தம்.

அன்பு மகள்
கயல்


நொச்சிக்குப்பம்
15 செப்டம்பர் 2024

அன்பு கயலு,

மாதா உன்னைக் காப்பாத்தட்டும். முட்டிப் பயிற்சி பண்றேன், கட்டில்ல படுத்துக்கினே பண்ற மாதிரி ஒண்ணு நானே கண்டுபுடிச்சிருக்கேன். வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு உங்கம்மா நடந்தே போவணும்னா. பஸ்ஸுல கூட்டிக்கினு போய் வந்தேன். இப்ப என்னோட பேச்சு இல்ல. ஆனா சோறு கிடைக்குது.

கூரியர் கதையே வேணாம். முருகையன் மாமா துபாய்ல இருந்து குக்கர் அனுப்பினானே, தோசைக்கல்லா வந்து சேந்துச்சு, மறந்துட்டியா? அசல் ஆக்சிலை அப்படி வளைச்சிட்டானுங்கன்னா டீச்சரம்மா என்னை வளைச்சிடுவாங்க. நீ மடியில வச்சிக்கினு வர்ற மாதிரி வருமா?

டீச்சரம்மா வீட்டுக்கு ரெண்டு மூணு தடவ போனேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான். அந்த வண்டிய அவங்க எழுபத்தி மூணுல வாங்கினாங்களாம். ஊருக்குத் திரும்புற ஒரு வெள்ளைக்கார மேனேஜர் கிட்ட. கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சதை அதுல போட்டுட்டாங்க. அவங்கப்பா ரொம்ப நாள் பேசவே இல்லயாம். "என்னோட பேசல. வண்டியோட பேசுவார். ஆத்துல யாரும் இல்லாதப்போ தொடைச்சுண்டு இருப்பார்"னு சொல்லி சிரிச்சாங்க.

அந்த வண்டியிலதான் தினம் அடையாறு காலேஜுக்கு. மழை வந்தா ஒரு கையில குடை, ஒரு கையில ஸ்டீரிங். "கியர் எப்படி மாத்துவீங்க?"ன்னேன். "மாத்த மாட்டேன். மயிலாப்பூர்லேர்ந்து அடையாறு வரைக்கும் ஒரே கியர்"னாங்க. ஸ்பேர் எதுவும் கிடைக்காத காலம். பெல்ட் அறுந்தா தையல் மெஷின் கடைக்கு ஓடுவாங்களாம். பம்ப் போனா அம்பாசடர்ல இருந்து எதையாவது மாட்டுவாங்களாம். எப்படியோ ஓடணும். வண்டின்னா ஓடணும், அவ்ளோதான் அவங்களுக்கு.

நான் முப்பது வருஷமா இழுவை வண்டி ஓட்டுறேன். முன்னெல்லாம் இந்த மாதிரி காருங்க வழியில நின்னு போனா என்னைக் கூப்பிடுவாங்க. இப்ப அதுங்க ரோட்டுல ஓடவே கூடாதுன்னு கூப்பிடறாங்க. வீட்டுல இருந்து கார் கண்காட்சிக்கு, கண்காட்சியில இருந்து வீட்டுக்கு, எல்லாம் என் முதுகு மேலதான். ரெண்டுமே காதல்தான்னு நினைக்கிறேன். எது பெருசுன்னு சொல்ற அளவுக்கு எனக்குப் படிப்பு பத்தல.

டிக்கெட் இப்பவே போட்டா விலை கம்மின்னு ஏஜென்சிப் பையன் சொன்னான். சும்மா காதுல போட்டு வச்சேன்.

அன்புடன்
நைனா


ஆக்ஸ்போர்டு பக்கம்
6 அக்டோபர் 2024

பாசமுள்ள நைனாவுக்கு,

நான் சுகம். இங்க மரத்து இலையெல்லாம் பழுத்துக் கொட்டுது, பட்டறை வாசல் பெருக்கறது என் முறை. அம்மா பேச ஆரம்பிச்சாச்சா?

டீச்சரம்மா குடை பிடிச்சு ஓட்டினதை எங்க பட்டறையில சுவத்துல எழுதியே ஒட்டிட்டாங்க. எல்லாருக்கும் அவங்களைத் தெரியும் இப்ப. பின் ஆக்சில் உடைஞ்ச செய்தியை ஓனர் இங்க இருக்கற எம்.ஜி.க்காரங்க குழுவுல போட்டார். ஒரே சாயங்காலத்துல எத்தனை பதில்! நியூசிலாந்துல ஒருத்தர், போர்ச்சுகல்ல ஒருத்தர், வேல்ஸ்ல ஒரு தாத்தா. எல்லாரும் கேக்கறது அதே கேள்விதான். கம்பியா, தகடா?

டீச்சரம்மா தையல் மெஷின் பெல்ட் தேடி தனியா அலைஞ்சாங்க. இப்ப ஒரு ஆக்சிலுக்கு அஞ்சு நாடு முழிச்சிட்டு உக்காந்திருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும் நைனா. போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பினாலே போதும்.

கம்பியா, தகடா?

அன்பு மகள்
கயல்


நொச்சிக்குப்பம்
27 அக்டோபர் 2024

அன்பு கயலு,

நாங்க எல்லாரும் நலம். அம்மா பேசுறா. பேசாமலே இருந்திருக்கலாம்னு தோணுற அளவுக்குப் பேசுறா.

ஒரு புது ஆளைப் பத்தி சொல்றேன். பேரு ராகேஷ். வேளச்சேரியில ஐ.டி. கம்பெனி. டீச்சரம்மா வண்டி மாதிரியே ஒண்ணு, சிவப்பு, அவன்கிட்ட இருக்குது. பச்சையையும் வாங்கிடணும்னு வந்தான். ஷெட்டுல காலை வைக்கறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டினான் கயலு. டார்ச் அடிச்சி எஞ்சின் நம்பர் பாத்தான், சேஸிஸ் நம்பர் பாத்தான். "ரெண்டும் பொறந்தப்போ எப்படியோ அப்படியே இருக்கு அங்கிள்"னு சொல்லிட்டு, தன் கர்சீப்பாலயே அந்த நம்பரைத் தொடைச்சான்.

டீச்சரம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "உங்களோட சிவப்பு வண்டியை எவ்வளவு ஓட்டுவேள்?"

"ஓட்டறதில்ல ஆன்ட்டி. சனிக்கிழமை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் கேப்பேன். அப்புறம் ஆஃப் பண்ணிடுவேன்."

"கேட்டுண்டு?"

"கேட்டுட்டு... பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன்."

"அப்போ நீங்க ரேடியோ வாங்கியிருக்கலாமே!" இதைச் சொல்லிட்டு உள்ள போய் அவனுக்கு காபி கொண்டாந்தாங்க. விக்க மாட்டேன்னும் சொல்லிட்டாங்க.

எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அவன் வண்டிய ஒரு கண்காட்சிக்கு ஏத்தப் போனேன். சீட்டைத் தூக்கி ஒண்ணு காட்டினான். பழைய ஹேர்பின். யாரோ எந்தக் காலத்துலயோ விட்டது. வண்டி வாங்கினப்போ கிடந்துச்சாம். சுத்தம் பண்ணும்போதெல்லாம் எடுத்துத் தொடைச்சி, திரும்ப அதே இடத்துல வைக்கிறானாம். "அவங்களும் இதுல போயிருக்காங்கல்ல அங்கிள்"ங்கறான். அதுக்கப்புறம் நான் சிரிக்கல. டீச்சரம்மாவுக்கு அவங்க வண்டி. இந்தப் பையனுக்கு வண்டி இதுக்கு முன்னாடி ஓட்டின யார் யாரோடதோ, இவன் காவலுக்கு நிக்கிறான்.

நம்ம வீட்டு ஜன்னலுக்கு நீல பெயிண்ட் அடிச்சிட்டேன். உனக்குப் புடிச்ச நீலம். கிறிஸ்துமஸுக்கு நீ வர்றதுக்குள்ள வாடை போயிடும்.

சக்கரத்தைப் பத்தி நீ ஏதோ கேட்டிருந்த. அடுத்த தடவ போகும்போது பாக்குறேன்.

அன்புடன்
நைனா


நொச்சிக்குப்பம்
3 நவம்பர் 2024

கயலு,

அம்மா எழுதுறேன். மீன் அரிஞ்சி அரிஞ்சி கையி காய்ச்சிப் போய்க் கீது, எழுத்து கோணலா வருது.

கம்பிச் சக்கரம்டி. சைக்கிளுக்குக் கீற மாதிரி கம்பி. வியாபாரம் முடிச்சிக்கினு நானே சித்திரக்குளம் போய்ப் பாத்தேன். மீன் வாசத்தோட உள்ள போவ வேணாம்னு வாசல் கேட்டாண்டையே நின்னேன். அந்தம்மாவே வெளிய வந்து, "நீதான் கயலோட அம்மாவா, வா வா"ன்னு கையைப் புடிச்சி இட்டுக்கினு போச்சி. நல்ல மனுசி.

உங்க நைனா தினம் அந்தச் சக்கரத்து மேலதான் சாஞ்சி நின்னுக்கினு கதை அடிக்கிறாராம். பாக்குறேன்னு உன்கிட்ட எழுதறாரு. எதுக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வருசம் வர முடியாதுன்னு நீ என்கிட்ட சொன்னதை நான் அவருகிட்ட சொல்ல மாட்டேன். அத நீதான் சொல்லணும். நான் சொன்னா ஜன்னலை வேற கலர் அடிக்க ஆரம்பிச்சிடுவாரு.

தலைக்கு எண்ணெய் வை.

அந்தோணியம்மாள்


ஆக்ஸ்போர்டு பக்கம்
17 நவம்பர் 2024

பாசமுள்ள நைனாவுக்கு,

நலமா இருக்கேன். நீங்களும் அப்படியே இருக்கணும்.

கம்பிச் சக்கரம்னு தெரிஞ்சுடுச்சு. யார் சொன்னாங்கன்னு கேக்காத. வேல்ஸ் தாத்தா தன் ஷெட்டுல இருந்த ஆக்சிலை எடுத்துக் கொடுத்துட்டார். அசல். "அந்த அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு, குடையைப் பத்திரமா பிடிக்கச் சொல்லு"ன்னார். மரப்பெட்டி செஞ்சு, நடுவுல துணி சுத்தி, நானே ஆணி அடிச்சேன். லாரி ஏறினாலும் வளையாது. கூரியர்ல போட்டாச்சு. டிசம்பர் முதல் வாரம் வந்துடும்.

மழைக்காலம், பாத்து ஓட்டு.

கயல்


நொச்சிக்குப்பம்
5 டிசம்பர் 2024

அன்பு கயலு,

மாதா புண்ணியத்துல எல்லாரும் பத்திரம். இங்க மழை வெளுத்து வாங்குச்சு. நம்ம குப்பத்துல தண்ணி ஏறல, கடல்தான் உறுமிக்கினே இருந்துச்சு.

மழைக்கு முந்தின நாள் ராகேஷ் போன் பண்ணான். வேளச்சேரியில எல்லாரும் காரைக் கொண்டு போய் மேம்பாலத்து மேல நிறுத்துறாங்கல்ல, அங்க இவன் சிவப்பு வண்டிய விட மனசு வரல. "அங்கிள், உங்க லாரி மேலயே ரெண்டு நாள் வச்சிக்கிறீங்களா?" சரின்னு மயிலாப்பூர்ல ஒரு மேடான தெருவுல நிறுத்தினேன். தார்பாய் போட்டேன். காலையில போய்ப் பாத்தா தார்பாய்க்கு அடியில கார், காருக்குள்ள ராகேஷ், மடியில லேப்டாப். ஆபீஸ் மீட்டிங் நடக்குது.

"உன் வீட்டுல தண்ணி வந்துச்சா?"ன்னேன்.

"வந்திருக்கும் அங்கிள். இங்க வரல."

டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சி, பிளாஸ்க்குல ரசம் கொடுத்தனுப்பினாங்க. "அந்த அசட்டுப் பிள்ளையை உள்ள வந்து படுத்துக்கச் சொல்லுங்கோ"ன்னாங்க. அவன் போவல. அவங்களே குடையோட வந்துட்டாங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கினாங்க. லாரி மேல, தார்பாய்க்கு அடியில, நகராத வண்டியில ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கினு இருந்தாங்க. என்ன பேசினாங்கன்னு கேட்டேன். "கார்புரேட்டர்"னாங்க. இந்தக் காருங்க மேல ஆசை வச்சவங்க எல்லாம் ஒரே ஜாதி கயலு. ஒருத்தர் நனைய விடுவாங்க, ஒருத்தர் விட மாட்டாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

உன் பெட்டி இன்னும் வரல. மழைக்கு எங்கயோ மாட்டிக்கிச்சு போல. பரவால்ல, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வராமலே போனாலும் ஒண்ணும் குடி முழுகாது, நீ வரும்போது இன்னொண்ணு எடுத்துக்கினு வந்துடலாம். எந்த நாள் விமானம்னு சொன்னா லாரியை வேற யாருக்கும் ஒத்துக்காம வச்சிருப்பேன். லாரியிலயா கூட்டிக்கினு வருவன்னு உங்கம்மா கேக்குறா. ஏன், ராகேஷ் காரு ஏறலையா?

அன்புடன்
நைனா


ஆக்ஸ்போர்டு பக்கம்
14 டிசம்பர் 2024

என் நைனாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். இதை முதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிக்கும்போது பயப்படாம இருக்கணும்னு.

நான் கிறிஸ்துமஸுக்கு வரல நைனா.

பட்டறையில என்னை நிரந்தரமா வச்சுக்கறேன்னு சொல்லிட்டாங்க. இன்னும் மூணு வருஷத்துக்கு விசா கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் இந்த நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது. போனா விண்ணப்பம் செத்துடும். செப்டம்பர்லயே தெரியும். அம்மாகிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் பேனா எடுப்பேன். உன் கடிதத்துல டிக்கெட் இருக்கும், ஜன்னல் இருக்கும். நான் கம்பியா தகடான்னு எழுதிட்டு மூடிடுவேன். நீயும் அதுக்குப் பதில் சொல்லல. நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்.

ஏன் இருக்கணும்னு ஆசைப்படறேன்னு கேப்ப. போன மாசம் ஒரு வண்டிக்கு முன்பக்க மட்கார்டு முழுசா நானே தட்டினேன். வெறும் தட்டைத் தகடு, மரச் சுத்தி, மணல் பை. மூணு வாரம். ஓனர் கண்ணை மூடிட்டு உள்ளங்கையால அதைத் தடவினார். ஒரு இடத்துலயும் கை நிக்கல. அப்படியே எடுத்து வண்டியில மாட்டிட்டார். அறுபது வருஷத்து வண்டி நைனா, இன்னும் அறுபது வருஷம் ஓடும். அதுல ஒரு பக்கம் நான் இருக்கேன். போட்டோ வச்சிருக்கேன், பாரு.

கோவம்னா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருந்துடாத.

உன்
கயலு


நொச்சிக்குப்பம்
13 ஜனவரி 2025

அன்பு மக கயலுக்கு,

மரியே வாழ்க. புது வருஷம் உனக்கு நல்லபடியா அமையட்டும். உடனே பதில் எழுதல. பேனா கிடைக்கலன்னு சொன்னா நீ நம்ப மாட்ட, அதனால சொல்லல. திட்ட ஒண்ணும் இல்லம்மா. அந்த மட்கார்டு போட்டோவை போன் முகப்புல வச்சிருக்கேன். மீன் மார்க்கெட்டுல உங்கம்மா பக்கத்துக் கடைக்கெல்லாம் காட்டிட்டா. ஒருத்தி, "இன்னாடி இது, திருக்கை மீனு மாதிரி கீது"ன்னாளாம். "எம் பொண்ணு தட்டுனது, வாயக் கழுவு"ன்னாளாம் உங்கம்மா. மூணு வருஷம் இருந்து நல்லா கத்துக்கோ. கையை மட்டும் பத்திரமா பாத்துக்கோ.

நேத்து ஞாயித்துக்கிழமை ஊர்வலம். கலங்கரை விளக்கத்துல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும். விடிஞ்சதுல இருந்து நானே மூணு காருங்களை முதுகுல சுமந்துக்கினு வந்து எறக்கினேன். வந்ததுல பாதிக்கு மேல என்னை மாதிரி லாரிங்க மேல படுத்துக்கினு வந்ததுதான். எல்லாம் பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி. அப்போ கச்சேரி ரோடு பக்கம் இருந்து ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பச்சை எம்.ஜி. தானே ஓடி வருது. டீச்சரம்மா, கறுப்புக் கண்ணாடி, தலையில முக்காடு. வண்டி கதவுல பழைய கீறல், முன்னாடி அம்பாசடர் விளக்கு, எதையும் மறைக்கல. ஹோட்டல்காரரு ஒருத்தர், வீட்டுல எட்டு காருங்க வச்சிருக்கறவரு, அவரே எழுந்து நின்னு கை கூப்பினாரு.

"செபஸ்தியான், ஏறுங்கோ"ன்னு என்னைக் கூப்பிட்டாங்க. பக்கத்து சீட்டுல ஸ்டீரிங் கிடையாது, அதனால தைரியமா ஏறினேன். சாந்தோம் ரோடு, பட்டினப்பாக்கம், அடையாறு பாலம். ரோடு முதுகுத்தண்டுக்குள்ளயே ஓடுது கயலு. பாலத்துல காத்து வந்து மூஞ்சியில அடிச்சப்போ எனக்குப் புரிஞ்சிடுச்சு, இந்தம்மா ஏன் விக்கலன்னு. பட்டினப்பாக்கத்துல உங்கம்மா கூட்டத்தோட நின்னுக்கினு இருந்தா. "யோவ், அந்தப் பக்கம் சாயாத, வண்டி கவுந்துடும்!"னு கத்துறா. ஊரே சிரிக்குது.

முடிஞ்சப்புறம் ராகேஷ் வண்டிய ஏத்தறதுக்கு லாரியை ரிவர்ஸ் எடுத்தேன். அவன் சாவியைக் கையில வச்சிக்கினு நின்னான். "அங்கிள், நான் ஓட்டிட்டே போறேன்"னான். டீச்சரம்மா அவன் வண்டிக்கு முன்னாடி போய், "என் பின்னாடியே வாங்கோ, மெதுவா போறேன்"னாங்க. மெதுவாவா போனாங்க? சிக்னல்ல அவனை விட்டுட்டுப் போயிட்டாங்க. பாவம், சிவப்பு வண்டி ஹாரன் அடிச்சிக்கினே துரத்துது. நான் காலி லாரியை ஓட்டிக்கினு பின்னாடி போனேன். இந்த மாதிரி ரெண்டு வண்டி முன்னாடி ஓடினா காலியா போறதுலயும் ஒரு சொகுசு இருக்குது.

இதெல்லாம் அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு யாருக்கும் தெரியாது.

உன் பெட்டி கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஒரு கீறல் இல்ல, நீ அடிச்ச ஆணி ஒண்ணுகூட ஆடல. புதுப்பேட்டையில இருந்து ஜீஷான் வந்தான், இந்த வண்டிங்க வேலையை வெளிநாட்டுக்காரங்க வீடியோ பாத்தே கத்துக்கின மெக்கானிக். படுத்துக்கினு ஆக்சிலை உள்ள தள்ளினான். முக்கால்வாசி போய் நின்னுடுச்சு. இன்னும் தள்ளினான். "போவ மாட்டேங்குது நைனா. அளவு தப்பா கீது போல"ன்னான். டீச்சரம்மா ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. நான், "ஐயோ, அப்படியா"ன்னேன்.

உன் கடிதம் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. விசா, மூணு வருஷம், வெளிய வரக் கூடாதுன்னு எல்லாம் படிச்சி முடிச்சவன்தான். தெரிஞ்சும், இது தப்பான ஆக்சில்னா கயலுதானே சரியானதை எடுத்துக்கினு வரணும்னு மனசு ஓடுச்சு. மாதாவே, இது பொருந்த வேணாம்னு கேட்டுக்கினேன். அந்த அம்மா மூஞ்சியைப் பாத்துக்கினே கேட்டேன்.

ஜீஷான் அதை லேசா ஒரு திருப்பு திருப்பினான். பல்லோட பல்லு உக்காந்து, சளக்குனு உள்ள போயிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

உன்
நைனா